பெரியவர் அலமாரியில் இருக்கும் பிள்ளைகள்

பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புத்தகக் கடைக்கு வரும் பெற்றோர் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "படக்கதை வயசு முடிஞ்சிட்டு, இனி என்ன வாங்கிக் குடுக்கலாம்?" பாளையங்கோட்டையானாலும் சென்னையானாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான், 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த ஐந்து பாக நாவல் தலைமுறை தலைமுறையாக வாசகர்களை உருவாக்கியிருக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஐந்து பாகத்தின் கனத்தைப் பார்த்து மிரண்டுபோகும் பிள்ளைக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். "அந்த வயசுக்குத் தமிழ்ல நாவலே கிடையாதே" என்று சொல்லிவிட்டு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறோம்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டு இந்த இடத்தில் நேராகப் பொருந்தும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு. முதலாவதை நாம் அடிக்கடி சொல்கிறோம். இரண்டாவதை மறந்துவிட்டோம். நூல் தன் வாசகரைத் தேடிப் போக முடியாது. யாராவது ஒருவர் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். பொருநைக் கரையிலும் அதை அடுத்த கரிசல் காட்டிலும் பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளை நடுவில் வைத்து எழுதப்பட்ட அருமையான நாவல்கள் இருக்கின்றன. அவை பெரியவர்களுக்கான அலமாரியில் இருக்கின்றன. பிள்ளைகள் நிற்பது வேறு அலமாரியின் முன்னால். தமிழில் இந்த வயதுக்கு உள்ள குறையில் பெரும்பங்கு எழுத்தாளர்களுடையது அல்ல, பரிந்துரைக்கும் இடத்தில் இருக்கும் நம்முடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த மண்ணுக்கு இதில் பழைய உறவு உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள பெருங்குளத்தில் 1872இல் பிறந்த அ. மாதவையா, தமிழின் முதல் நாவல் வந்து இருபது ஆண்டுகள் ஆவதற்குள் 1898இல் 'பத்மாவதி சரித்திர'த்தை வெளியிட்டார். 1903இல் 'முத்துமீனாட்சி' வந்தது. சிறுவயதில் மணமாகி விதவையாகும் பெண்ணொருத்தி தன் கதையைத் தானே சொல்லும் நாவல் அது. அவருடைய உறவினரும் அதே பெருங்குளத்துக்காரருமான பெ.நா. அப்புசாமி, அறிவியலை இளையோருக்குத் தமிழில் சொல்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர். தமிழில் 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்ற துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். ஒரே குடும்பத்திலிருந்து ஒரு பெண்ணின் தன்வரலாற்று நாவல், அறிவியல் கட்டுரை, பறவை பற்றிய எழுத்து, துப்பறியும் கதை. பதினான்கு வயதுப் பிள்ளை ஆசைப்படக்கூடிய வகைகளில் பாதிக்கு மேல் இதற்குள் வந்துவிடுகிறது.

பிற்பாடு சிறுவர் எழுத்து தனித்துறையாக வளர்ந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் ஒரு பெரும் வாசகக் கூட்டத்தை வளர்த்தெடுத்தார்கள். அந்த எழுத்து பெரும்பாலும் பதினோரு, பன்னிரண்டு வயதோடு நின்றது. அதற்கு மேல் வளர்ந்தவர்கள் தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கோ, சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸுக்கோ, அம்மாக்கள் படித்த வார இதழ்த் தொடர்களுக்கோ போனார்கள். இப்போது 'இளையோர் நாவல்' என்ற பெயரோடே புத்தகங்கள் வருகின்றன. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்துக்கும், 2023இல் கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கும், 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கும் கிடைத்தது. பாலியல் துன்புறுத்தலைப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் விழிக்கும் வீடுகளுக்குப் பாலபாரதியின் நாவல் தைரியமாக வழி காட்டுகிறது. 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் கொற்கையும் பக்கத்திலேயே இருக்கிற பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தால், படித்து முடித்ததும் பார்க்கப் போக அவர்களுக்கு இடங்கள் இருக்கின்றன. இந்த வசதி தமிழ்நாட்டில் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தப் புதிய நாவல்களைத் தாண்டி, பழைய அலமாரிக்கு வருகிறேன். அங்கே முதலில் எடுக்க வேண்டியது கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'.

அவருடைய ஊரான இடைசெவல் இன்று தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை அது நெல்லைச் சீமைதான். கி.ரா. பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தவர். 'பிஞ்சுகள்' சிறிய நாவல். வெங்கடேசு என்ற பையன், அவனுடைய கூட்டாளிகள், கரிசல் காடு, பறவைகள், அவன் தேடித் தேடிச் சேர்க்கும் பறவை முட்டைகள். கதை என்று எடுத்துச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், அதன் முட்டை என்ன நிறம், அது எப்போது பயப்படும், எப்போது ஏமாற்றும் என்று ஒரு பையனின் கண் போகும் இடமெல்லாம் நாவலும் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒருவன் எவ்வளவு கற்றுக்கொள்கிறான் என்பதை உபதேசம் இல்லாமல் காட்டிய தமிழ் நூல்களில் இதற்கு இணையாக எனக்கு வேறொன்று தோன்றவில்லை. கடைசியில் படிப்புக்காக அவன் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைப் படிக்கும் பன்னிரண்டு வயதுக்காரனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது. பெரியவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கும்.

இதைப் பரிந்துரைக்கும்போது ஒரு சங்கடம் வரும். முட்டை எடுப்பது இன்று 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "பிள்ளைக்குத் தப்பான பாடம் ஆயிராதா?" என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். இதற்கு நான் சொல்லும் பதில், புத்தகத்தை ஒளித்து வைக்காமல் அதன் பக்கத்தில் இன்னொரு அனுபவத்தை வைப்பது. நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளே, வீட்டு மரங்களில் கூடு கட்டும் ஊர். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்த, மாணவர்கள் இருநோக்கியோடு குளக்கரையில் நிற்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்புக்குப் போகும் ஒரு பிள்ளை முந்தின வாரம் 'பிஞ்சுகள்' படித்திருந்தால், வெங்கடேசுவின் ஆசையும் புரியும், இன்று நாம் ஏன் கையை எடுத்துக்கொண்டோம் என்பதும் புரியும். கூடவே மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைத் தொகுப்பான 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலையும் கொடுக்கலாம். நாவல் பிடிக்காத பிள்ளை கட்டுரை வழியாக உள்ளே வருவதும் நடக்கும்.

வண்ணநிலவனின் 'ரெயினீஸ் ஐயர் தெரு' பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கு வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிடைக்காத ஒன்றைத் தருகிறது: தங்கள் ஊர்த் தெருவே ஒரு நாவலாக இருப்பது. மிஷனரி ரேனியஸின் பெயரைத் தாங்கிய அந்தத் தெருவில் சில வீடுகள், டீச்சர்கள், டாரதி என்ற சிறுமி, மழை. அளவில் சிறியது, மௌனம் அதிகம். சம்பவம் எதிர்பார்க்கும் பதின்மூன்று வயதுக்கு இது சலிக்கலாம். பதினைந்தில் கொடுத்தால் நிற்கும் என்பது என் எண்ணம். அவருடைய 'கடல்புரத்தில்' அதற்கு அடுத்துக் கொடுக்கத் தக்கது. மணப்பாட்டுக் கடற்கரையில் வல்லத்தை விற்க மறுக்கும் குரூஸ் மிக்கேல், அதை விற்றுவிட்டு வரச் சொல்லும் மகன், லாஞ்சுக்கும் வல்லத்துக்கும் மூளும் பகை, நடுவில் மகள் பிலோமி. காதலும் தோல்வியும் அதில் உண்டு. யாரையும் வெறுக்காமல் ஓர் இளம்பெண் அந்தத் தோல்வியைக் கடந்து போகிற விதத்தைப் பதினாறு வயதில் படிப்பது நல்லது. திரைப்படக் காதலை மட்டுமே பார்த்து வளரும் ஒரு தலைமுறைக்கு இது அவசியம் என்றே நினைக்கிறேன்.

கடினமான புத்தகம் இனிதான் வருகிறது.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்தது. அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டத்தான் பதினைந்து வயதுச் சிதம்பரம் அரிவாளோடு போகிறான், ஆள் செத்துப்போகிறான். நாவல் அந்தக் கணத்தில் தொடங்கி, அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் தலைமறைவாகத் திரியும் நாட்களைச் சொல்கிறது. சமைப்பது, தூங்க இடம் தேடுவது, பழைய கதைகளைப் பேசுவது, அம்மாவை நினைப்பது. 2019இல் வந்த 'அசுரன்' திரைப்படத்தைப் பார்க்காத பிள்ளை இப்பக்கம் குறைவு. படம் தகப்பனின் வீரத்தைப் பெரிதாக்கியது. நாவல் பையனின் தலைக்குள்ளேயே இருக்கிறது. கொலை செய்தவன் வெறும் பையன்தான் என்பதை ஒரு பக்கம்கூட மறக்க விடுவதில்லை.

இதைப் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? திருநெல்வேலியில் இந்தக் கேள்விக்கு வேறு எங்கும் இல்லாத கனம் உண்டு. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பிள்ளைகள் வகுப்பில் உட்காரும் மாவட்டம் இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும், தடுக்க வந்த அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன்படித்தவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, நெற்றிக் குறி, பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி என்று பலவற்றைக் களையச் சொன்னது. கயிற்றை அவிழ்க்க உத்தரவு போதும். அதைக் கட்டிக்கொள்ளத் தூண்டிய மனத்தோடு பேச யாராவது வேண்டும்.

'வெக்கை' அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்க வல்லது என்று நம்புகிறேன். காரணங்கள் உண்டு. பூமணி சாதிப் பெயர்களை முன்னே நிறுத்தவில்லை. நிலம், அதிகாரம், அவமானம் ஆகியவைதான் முன்னே நிற்கின்றன. எதிரெதிர்ச் சாதியில் பிறந்த இரண்டு மாணவர்கள் ஒரே பக்கத்தைப் படிக்கும்போது, "இது எங்களைச் சொல்லுது", "இது உங்களைச் சொல்லுது" என்று உடனே பிரிந்துகொள்ள நாவல் இடம் தருவதில்லை. அரிவாள் எடுத்த பின் என்ன மிஞ்சுகிறது என்பதையும் அது மறைப்பதில்லை. பசி, பயம், ஓட்டம், வீட்டின் சிதைவு. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதத் தொடங்கி 1967இல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' நாவலும் இரு மாணவக் கூட்டங்களின் பகையையும் ஒரு கொலையையும் ஒளிந்து திரியும் நாட்களையும் பற்றியதுதான். அதை அங்கே பள்ளிகளில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் தடையும் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் குறையாத ஒரு நாவல் நம் கையில் இருந்தும், பதினைந்து வயதுக்காரனைப் பற்றிய கதையைப் பதினைந்து வயதுக்காரனுக்குக் காட்டத் தயங்குகிறோம்.

தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பழிவாங்கலைப் பெருமையாகப் படிக்கக்கூடிய பையனும் வகுப்பில் இருப்பான். அதனால்தான் 'வெக்கை'யை "எடுத்துட்டுப் போ" என்று கொடுத்துவிடக் கூடாது. கொடுப்பவர் முதலில் முழுக்கப் படித்திருக்க வேண்டும். ஐந்தாறு பேர் கூடி, ஒரு அத்தியாயத்தை ஒருவர் வாய்விட்டு வாசித்து, பிறகு பேச வேண்டும். பேச்சில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல அவசரப்படக் கூடாது. ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இது வேண்டாம். எனக்கு இதில் ஐயமில்லை.

வாய்விட்டு வாசிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நெல்லையில் ஆங்கில வழியில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை 'ஹாரி பாட்டர்' தடிமனான பாகத்தை இரண்டு வாரத்தில் முடித்துவிடும். தமிழில் ஒரு பத்தியை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். அறிவு பதின்மூன்று வயதில், தமிழ் வாசிப்பு எட்டு வயதில். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயதுக்கான முயல் கதையைக் கொடுத்தால் அது அவமானம். வட்டார நாவலைக் கொடுத்தால் "ஏல", "வந்தாவ", "அவிய" என்று எழுத்தில் பார்த்ததும் திகைக்கும், ஏனென்றால் பாடநூல் தமிழில் இவை இல்லை. அதே பக்கத்தை ஒருவர் உரக்க வாசித்தால் நிலைமை மாறிவிடுகிறது. அது ஆச்சி பேசுவது, பஸ் ஸ்டாண்டில் கேட்பது. காதுக்குப் பழகியதைக் கண் பிறகு பிடித்துக்கொள்ளும். கி.ரா.வும் பூமணியும் கடினம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களை மௌனமாகப் படித்துப் பார்த்தவர்கள்.

தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் 2023இல் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. வயதையும் வகுப்பையும் விட்டுவிட்டு வாசிக்கும் திறனைப் பார்த்த அந்தப் பிரிவு நல்ல யோசனை. 'பற' வரை வந்த பிள்ளை அடுத்து எங்கே போவது என்பதற்குப் பதில் வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைதான் அந்தப் பதில் மிகவும் தேவைப்படுகிறது. பள்ளி நூலகப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விடுவதும் அந்த வகுப்புகளில்தான். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகமும் சிற்றூர்களில் கிளை நூலகங்களும் இருக்கின்றன. சிறுவர் பகுதிக்கும் நாவல் பகுதிக்கும் நடுவே, பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுக்கென்று ஒரே ஒரு தட்டு ஒதுக்கிவைக்கப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. எந்த நாவலை அங்கே நகர்த்துவது என்று தெரிந்த ஆள் தேவை. அதற்கு அந்த ஆள் படிக்க வேண்டும். பதிப்பகப் பட்டியலையும் விருதுப் பட்டியலையும் பார்த்து நூல் கொடுப்பவரைப் பிள்ளைகள் இரண்டாவது புத்தகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படித்து முடித்ததும் சுருக்கம் எழுதச் சொல்வதையும் விட்டுவிடலாம். பிரெஞ்சு ஆசிரியரும் நாவலாசிரியருமான டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். முதல் உரிமை, படிக்காமல் இருப்பது. பாதியில் நிறுத்துவதும் பக்கங்களைத் தாண்டுவதும் அதில் அடக்கம். பரிந்துரைத்த புத்தகத்தை ஒரு பிள்ளை இருபது பக்கத்தில் திருப்பிக் கொடுத்தால் அது பரிந்துரைத்தவருக்குக் கிடைத்த தகவல். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல உதவி கிடையாது.

யாருக்கு எது என்று கேட்டால், பொதுப் பட்டியல் தர எனக்கு மனமில்லை. சிலரை நினைத்துச் சொல்லலாம். பீடி சுற்றும் வீட்டில் அம்மாவுக்குக் கைகொடுத்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு, அம்பாசமுத்திரம் பக்கத்து நெசவாளர்களைப் பற்றித் தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் எழுதிய 'பஞ்சும் பசியும்', பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில். வாழைத் தோட்டத்துக்குச் சுமை தூக்கப் போன அனுபவம் உள்ளவனுக்கு மாரி செல்வராஜின் 'மறக்கவே நினைக்கிறேன்'. நாவல் இல்லை என்றாலும் பரவாயில்லை, அவருடைய 'வாழை' படத்தைப் பார்த்துவிட்டு வருபவன் அதைக் கீழே வைக்க மாட்டான். மேலப்பாளையத்துப் பெண் பிள்ளைக்கு, நெல்லையிலேயே பல்லாண்டுகள் வாழ்ந்து மறைந்த தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவதை எதிர்க்கும் அதிகாரத்தை அது காட்டுகிறது. மேல்நிலை வகுப்பில் இருக்கும், கல்யாணப் பேச்சு அரசல்புரசலாகக் காதில் விழத் தொடங்கிய எந்த வீட்டுப் பெண்ணுக்கும் 'முத்துமீனாட்சி'. நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய நடை முதல் சில பக்கங்களில் இடறும். அந்தப் பக்கங்களை மட்டும் அவளோடு உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவளே படித்துக்கொள்வாள்.